பெரகலைக்குப் போன கிடா

ஹல்துமுல்லைத் தோட்டத்துப் புல்மலையில் துரையின் சீமைச் செம்மறிகளை மேய்த்தவன் நான். ஏழு பெட்டைகளும் ஒரு கிடாவும் ஒரே பட்டியில்தான் கிடந்தன. மாதக்கணக்காகியும் ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. “எல்லாம் மலடுங்க தொரை, கறிக்கு வித்துடலாம்” என்று நானே சொன்னேன்.

வாங்க வந்தவர், பெரகலையில் இறைச்சிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர்; நாங்கள் நானா என்போம். ஆடுகளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“மலடுன்னு யாரு தம்பி சொன்னது? இதுகளுக்குப் பருவம் வரல்ல. கிடாவோட வாசமே படாம ஒன்றரை மாசம் வச்சுப் பாருங்க. பிறகு திடீர்னு அந்த வாசம் பட்டா பருவம் தானா வரும். கிடாவை நானே கொண்டு போய் வச்சிருக்கேன்.”

துரையும் சரி என்றார். அறுக்கிற கையில் கிடாவைக் கொடுத்துவிட்டோமே என்று நான்தான் தினமும் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சொன்ன நாளில் நானா கிடாவோடு மலையேறி வந்தார். அவர் பாதை வளைவைத் தாண்டுவதற்கு முன்பே கீழிருந்து காற்று வீசியது. மேய்ந்துகொண்டிருந்த ஏழு தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து அந்தப் பக்கம் திரும்பின. வாயில் கவ்விய புல்லை எதுவும் மெல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணுக்கே தெரியாத ஒன்று அவற்றின் உடம்புக்குள் புகுந்து எதையோ எழுப்பிக்கொண்டிருந்தது.

மூன்று வாரத்தில் பெட்டைகள் தாமாகவே கிடாவைத் தேடிப் போயின. அதற்கு ஐந்தாம் மாதம் ஆறு ஆடுகள் குட்டி போட்டன.

“அந்த ஏழாவது மலடுதானே?” என்றார் துரை.

கிடா திரும்பி வந்த அன்று அதன் தலையும் நிமிர்ந்ததை நான் பார்த்திருந்தேன்.

“அதுக்கு இன்னும் பருவம் வரலைங்க தொரை,” என்றேன்.