பெரியப்பாவின் நான்கு வருடங்கள்

2025 ஜூலை பதினான்கு, திங்கட்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். தூறல். குடை விரித்தாலும் தொல்லை, விரிக்காவிட்டாலும் தொல்லை. அந்த நேரத்தில்தான் மாஜி ராணுவத்தினர் சங்கத்தின் செயலாளர் என் பெரியப்பாவைப் பொய்யர் என்றார். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை, சிரித்தார். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

இரண்டாம் உலகப் போருக்குக் கோலார் தங்கவயலிலிருந்து போனவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி, மூடிக் கிடக்கும் மைசூர் மைன்ஸ் சுரங்கத்தின் பக்கம் நடுவதாகச் சங்கம் முடிவு செய்திருந்தது. வெள்ளிக்கிழமையோடு பட்டியல் முடிகிறது. என் பெரியப்பா நான்கு வருடம் ஈராக்கில், பஸ்ராவில், ரோடு போடும் படைப்பிரிவில் கல் சுமந்தவர். அப்படித்தான் அவர் சொல்லியிருந்தார். மெடல் இல்லை, ராணுவச் சம்பளப் புத்தகம் இல்லை. படைத் தலைமைக்கு மூன்று பதிவுத் தபால் அனுப்பினேன். இரண்டுக்குப் பதில் வந்தது, இரண்டிலும் ஒரே வாசகம்: படை எண் இல்லாமல் தேட இயலாது.

அவருடைய ஒரே மகள், எனக்கு அக்கா முறை, ஸ்கெலட்டன் குடியிருப்பில், சுரங்கக் கம்பெனி தந்த அதே லைன் வீட்டில் இன்னும் இருக்கிறாள். எழுபத்தெட்டு வயது. "எங்க நைனா பேர அந்தக் கல்லுல பாத்துட்டுத்தான் நான் போவேன்" என்று அவள் சொன்னதால்தான் ரத்த அழுத்தத்தோடு நான் அலைந்தேன். விண்ணப்பத்தோடு ஒரு காகிதத்தையும் அவளே கொடுத்தனுப்பினாள். தன் அப்பா இந்த ஊர்க்காரர் என்று காட்ட, சுரங்கக் கம்பெனி தந்த சர்வீஸ் சான்றிதழ். அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

"அய்யா, நீங்களே குடுத்த பேப்பருதானே இது? உங்க பெரியப்பா சர்வீஸ்ல ஒரு நாள் கேப் இல்ல. அந்த நாலு வருஷமும் ஷிப்ட்டுக்கு எறங்கிக்கினுதான் இருந்திருக்காரு. அப்புறம் பஸ்ராவுக்கு எப்டி போனாரு? கீழ லெவல்லேர்ந்தே சுரங்கம் வெட்டிக்கினு போய்ட்டாரா?"

கேட்டுவிட்டுச் செயலாளர் சிரித்தார். அறையில் இருந்த மற்ற மூவரில் இருவரும் சிரித்தார்கள். மூன்றாமவருக்குக் காது கேட்காது.

கனரக இயந்திரத் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவன் நான். வருகைப் பதிவேட்டில் ஆள் இருந்தால் ஆள் இருந்தான். அதற்கு மேல் யோசித்ததில்லை. ஸ்கெலட்டனுக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம் நானும் பெரியப்பாவைச் சந்தேகப்பட்டேன். ஆனால் ஒன்று இடித்தது. யார் வீட்டில் பேரீச்சம்பழம் வைத்தாலும் பெரியப்பா எழுந்து வெளியே போய்விடுவார். "நாலு வருசம் தின்னாச்சு, போதும்" என்பார். பொய் சொல்கிறவர் அந்தப் பொய்க்காகச் சாகும்வரை ஒரு பழத்தைக் கைவிடுவாரா?

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னா, முடிஞ்சுதா?"

சொன்னேன். அவள் முகம் சுருங்கியது.

"அப்போ எங்க நைனா பொய் சொன்னாருன்றியா?"

"நான் சொல்லலக்கா. காகிதம் சொல்லுது."

"பெரிய காகிதம்! அடுத்தவன் வந்தானா வர்லியான்னு காலம்பூரா எழுதி எழுதி உன் புத்தியே அப்டி ஆயிப்போச்சு. மனுசனே ஆள் மாத்திச் சொல்றான், காகிதம் சொல்லாதா? உங்கப்பா சாவுல அந்தக் கெழவரு எங்க நைனா பேரச் சொல்லி மார்ல அடிச்சிக்கினு அழல? எங்க நைனா உசுரோட எதிர்லியே நிக்கிறாரு! அந்த மாதிரி கம்பெனிக்காரனும் கொழம்பியிருப்பான்."

அவள் சண்டைக்காகச் சொன்னது. நான் அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் அப்பா சுரங்கத் தூசியில் நுரையீரல் போய் ஐம்பத்துமூன்று வயதில் இறந்தார். இளவயதில் அவரோடு சுரங்கத்தின் ஒரே லெவலில் வேலை செய்த ஒரு பெரியவர் கால்மாட்டில் உட்கார்ந்து, பெரியப்பாவின் பெயரைச் சொல்லி அழுதார். குடித்திருக்கிறார் என்று நாங்கள் அவரை நகர்த்தப் போனோம். தலைமாட்டில் நின்ற பெரியப்பா தடுத்தார். "அழட்டும் வுடுங்க. அவனுக்கு அந்தப் பேருதான் தெரியும்" என்றார். நாற்பத்தாறு வருடமாக அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பெரியவர் குழம்பவில்லை. அவருக்குத் தெரிந்த ஆள் அந்தப் பெயரில்தான் சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கினார்.

அண்ணன் பட்டாளத்துக்குப் போனால் வேலை போகும்; வேலை போனால் லைன் வீடும் போகும்; வீட்டில் பெற்றவர்கள். தம்பிக்கு, என் அப்பாவுக்கு, பதினாறு வயது. சுரங்கத்தில் இறங்க அண்ணனுக்குக் கொடுத்திருந்த பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு அவன் ஷாஃப்டுக்குப் போயிருக்கிறான். மேலே இருந்தவர்கள் எண்ணியது டோக்கனை, முகத்தை அல்ல. அண்ணன் திரும்பி வந்து டோக்கனை வாங்கிக்கொண்டார். அதன் பிறகுதான் அப்பா சொந்தப் பெயரில் புது ஆளாகச் சேர்ந்திருக்கிறார்.

அப்பாவின் நஷ்டஈட்டுப் பரிசோதனைக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், சர்வீஸ் காகிதத்தைப் பார்த்தார். இத்தனை வருடத்துக்கு இவ்வளவு தூசி சேராதே என்றார். "எனக்கு மூக்கு கொஞ்சம் பெருசுங்க சார்" என்றார் அப்பா. டாக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன். வருடத்தைக் கணக்கிட்டுத்தான் பணம் தந்தார்கள். நான்கு வருடம் குறைவாக.

இதையெல்லாம் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அப்போ அந்த நாலு வருசத்துப் பணம் எங்க வூட்டுக்குத்தான் வந்துச்சா?"

நான் தலையாட்டினேன்.

"வேணாம்ப்பா, வுட்டுடு. வெளியில தெரிஞ்சா ரெண்டு பேரையும் திருடன்னுவாங்க. எனக்குக் கல்லும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

இரண்டு நாள் பெரியப்பாமேல் கோபம். சோறு இறங்கவில்லை. ஓய்வுபெற்ற அன்றாவது தம்பியைக் கூப்பிட்டு, இந்தா உன் பங்கு என்று கொடுத்திருக்கலாமே? கொடுத்தாரோ என்னவோ, அதுவும் எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் கோபம் திசை திரும்பியது. ஒருவர் கல்லைச் சுமந்தார், ஒருவர் கல்லைச் சுவாசித்தார். இருவரும் ஒரே அடுப்பு எரியத்தான் அதைச் செய்தார்கள். இவர்களில் ஒருவர் பொய்யர், ஒருவர் வந்ததே பதிவில் இல்லை என்று ஒரு சான்றிதழ் சொல்லும், நான் பேசாமல் இருக்க வேண்டுமா? மாட்டேன்.

வியாழக்கிழமை சங்கத்துக்குப் போய் முழுவதையும் சொன்னேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

"அய்யா, இது ஆள்மாறாட்டம். யோசிச்சுப் பேசுங்க. எழுதி வெச்சிட்டா அப்புறம் அழிக்க முடியாது" என்றார் செயலாளர்.

"எழுதுங்க. என் பேரப் போட்டே எழுதுங்க. அந்தத் தம்பியோட புள்ளயே வந்து சொன்னான்னு எழுதுங்க. எந்தக் கம்பெனிக்காரன் வந்து கேக்கப் போறான்? மைனே மூடியாச்சு."

அவர் பேனாவை மூடிவைத்தார். "நான் நம்பறேங்க. சத்தியமா நம்பறேன். ஆனா நம்பர் இல்லாம கல்லுல வெட்ட எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்போ உங்க கல்லு உங்களோட இருக்கட்டும். கல்லுக்கா பஞ்சம் இந்த ஊர்ல?"

ராபர்ட்சன்பேட்டையில் கல் வெட்டுகிறவரிடம் நேராகப் போனேன். கறுப்புக் கல், இரண்டடிக்கு ஒன்றரை அடி. அக்கா வீட்டுத் தெருப்பக்கச் சுவரில் பதிப்பதாகத் திட்டம். துப்பாக்கிப் படம் இலவசமாகப் போட்டுத் தருவதாக அவர் சொன்னார். பெரியப்பா துப்பாக்கி தூக்கியதாக ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் வேண்டாம் என்றேன். மூத்தவர் என்பதால் பெரியப்பாவின் பெயரை மேலே எழுதிக் கொடுத்திருந்தேன். அக்காவிடம் காட்டியபோது அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். வேண்டாம் என்று மறுபடி அழுவாள் என்று நினைத்தேன்.

"என் வூட்டுச் செவுருதானே?"

"ஆமா."

"அப்போ நான் சொல்றபடி வெட்டச் சொல்லு. மேல சித்தப்பா பேரு. அதுக்குக் கீழதான் எங்க நைனா. யாராச்சும் வந்து திருடன்னு சொன்னா எங்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கிறேன்."

அப்படியே வெட்டினார்கள். அப்பாவின் பெயருக்கு அடுத்து: 'அண்ணன் பெயரில் நான்கு வருடம் சுரங்கத்தில் இறங்கியவர்.' பெரியப்பாவின் பெயருக்கு அடுத்து: 'அந்த நான்கு வருடமும் பஸ்ராவில் போருக்குக் கல் சுமந்தவர்.' வெட்டுகிறவர் புள்ளி எழுத்துக்கும் காசு கேட்பவர், அதனால் எண்ணிப் பார்த்தேன். பெயர்களை விட்டால் இருவருக்கும் இருபத்தொன்பது, இருபத்தொன்பது. நான் திட்டமிட்டதல்ல. பெயர்களோடு எழுபது.

எழுத்துக்கு நாற்பது வீதம் இரண்டாயிரத்து எண்ணூறு. கல் மூவாயிரத்து இருநூறு. கொத்தனாரும் சிமெண்டும் தொள்ளாயிரம். பதிவுத் தபால், ஆட்டோ நானூற்று எண்பது. அக்கா பாதி தருகிறேன் என்றாள், வாங்கவில்லை. மொத்தம் ஏழாயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்.