அக்காவின் பூட்டு

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் எங்கள் அக்காவுக்கு வழி சொல்லாதவர்கள் யாருமில்லை. சித்தப்பா நர்சிங் என்றார், அத்தை கம்ப்யூட்டர் என்றாள், தையல்காரரான அப்பா ஏதாவது ஒரு டிகிரி என்றார். அக்கா எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, தொழிற்பயிற்சி நிலையத்தில் லிஃப்ட் மெக்கானிக் படிப்பில் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய பிடிவாதத்தில் பாதி எனக்கு இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

அப்பா அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். ஊருக்கெல்லாம் சட்டை தைப்பவர், மகளின் சீருடையைத் தொடவே மறுத்துவிட்டார். அவள் கடையில் வாங்கிய தொளதொளச் சட்டையோடு போய்வந்தாள். ஒரு தப்பு செய்தால் போதும், மறுநாளே கல்லூரியில் சேர்த்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தார்.

அந்தத் தப்பும் நடந்தது, அதுவும் அப்பாவின் கடை இருக்கும் கட்டடத்திலேயே. லிஃப்ட் குழியில் இறங்கி வேலை செய்பவர்கள் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, ஆளுக்கொரு பூட்டை அதில் மாட்டி, சாவியைத் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். அன்று பயிற்சிக்காக அக்காவும் அங்கே வேலை செய்தாள். கூட இருந்த மெக்கானிக் தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு அடுத்த வேலைக்கு ஓடினார். அக்கா தன் பூட்டை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சாயங்காலம் அப்பா துணி மூட்டையோடு ஆறு மாடி இறங்கி, மூச்சிரைக்க வந்து, பூட்டிவிட்டுப் போன மெக்கானிக்கைத் திட்டித் தீர்த்தார். அக்கா சட்டைப் பையைத் தடவினாள். பூட்டின் சாவி உள்ளேயே இருந்தது.

"நான்தான்ப்பா அது."

இத்தோடு படிப்பை விட்டுவிடு என்றாள் அம்மா. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு அக்காவை அழைத்துக்கொண்டு நடந்தார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

சுவிட்ச் முன்னால் நின்று பூட்டை இழுத்துப் பார்த்தார். வேறு சாவி கிடையாதா என்று கேட்டார்.

"கிடையாதுப்பா. நான் உள்ள இருக்கும்போது யாரும் கரண்ட் போட்டுடக் கூடாதுல்ல."

அப்பா பூட்டை விடவில்லை.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன? நீ இந்தப் படிப்புல சேர்ந்ததுலேருந்து, எவனாவது தெரியாம சுவிட்சைப் போட்டுடுவானோன்னு எனக்குத் தையலே ஓடல."

அக்கா பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டாள். லிஃப்டில்தான் மேலே அப்பாவின் கடைக்குப் போனோம். அப்பா அவளுக்கு ஒரு பழைய சட்டையைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார். சீருடையின் உட்பக்கம் பொத்தான் வைத்த ஒரு பை தைத்தார்.

"சாவி இதுலயே இருக்கட்டும்."

அக்கா வேலைக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. அன்றைக்கு அப்புறம் அவள் கடையில் சட்டை வாங்கவே இல்லை.