பார்டர் போட்ட கியூஆர் கோடு

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் செருப்பைக் கழற்றுவார். மரியாதைக்காக இல்லை, பாதத்தால் தரையைப் பார்ப்பதற்காக. சொந்தக்காரர்கள் புது வீட்டைச் சுற்றிக் காட்டும்போது மற்றவர்கள் ஜன்னலையும் அலமாரியையும் பார்ப்பார்கள். இவர் குளியலறையில் வெறுங்காலோடு நின்று, "தண்ணி இந்தப் பக்கம் ஓடாதே, தேங்குமே" என்பார். அதனால் அவரைப் புது வீட்டுக்கு அழைக்கச் சிலர் தயங்குவதும் உண்டு.

டைல் ஒட்டுவது அவருடைய தொழில். மட்டம் சரியா என்று பார்க்கும் ரசமட்டம் எப்போதும் கையில் இருக்கும் என்பதால், வேலையிடங்களில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. "ரசமட்டம் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். கலவை குழைக்க வந்தவர், ஒட்டுபவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்து ஒட்டக் கற்றார். அவருடைய கணவர் டைல் வெட்டுபவர். மிஷின் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது, மீதியை மனைவி திட்டுவதைக் கேட்பதற்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பார்.

ரசமட்டத்தின் கைத்திறன் பற்றிச் சொல்லப்படுவதில் பாதியைத் தள்ளிவிடலாம். அவர் வேகமானவர் இல்லை. புதிதாக எதையும் கண்டுபிடித்தவரும் இல்லை. செய்த வேலையை இன்னொருவர் வந்து திருத்தும்படி விட்டதில்லை, அவ்வளவுதான். ஆனால் அப்படிச் சொல்லத்தக்கவர்கள் எந்தத் தொழிலிலும் குறைவு.

இத்தனை வருடமும் அவர் ஒரு காண்ட்ராக்டரிடம் கூலிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். சுவர் அவருடையது, பெயர் காண்ட்ராக்டருடையது. பொது நீச்சல் குளத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியபோதுதான் அது மாற ஒரு வழி தெரிந்தது. அங்கே இருந்த பெண் இன்ஜினியர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வாசல் சுவர்ல ஒரு கியூஆர் கோடு வேணும். காகிதம் ஈரத்துல நைஞ்சு போகுது, ஸ்டிக்கர் உரிஞ்சு வருது. டைல்லயே பண்ண முடியுமா? இந்தச் சுவரை மட்டும் நீங்க தனியா எடுத்துச் செய்யுங்க. சரியா வந்தா உள்ள இருக்கிற தரை, குளம், உடை மாத்துற ரூம் எல்லாம் உங்க பேர்லயே தரேன்."

"வரலைன்னா மேடம்?"

"இடிச்சுட்டுப் பழைய ஆள்கிட்டயே குடுத்துருவேன். மனசுல வச்சுக்காதீங்க."

"இடிக்கிறதையா, குடுக்கிறதையா மேடம்?" என்று ரசமட்டம் கேட்டார். இன்ஜினியர் சிரித்தார். ரசமட்டம் சிரிக்கவில்லை.

அச்சகத்தில் வேலை செய்யும் தம்பியிடம் அன்று மாலையே கணவரோடு போய் நின்றார். தலை வழுக்கையாகி, மூக்குக் கண்ணாடி போட்டுவிட்ட தம்பி. கம்ப்யூட்டரில் நீச்சல் குளத்தின் இணைய முகவரியை அடித்து ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிப்பொடியாய்க் கட்டங்கள் வந்து விழுந்தன.

"இவ்வளவுதானா? நான் பெருசா என்னமோ நெனச்சேன்."

"இவ்வளவுதான்க்கா. ஆனா இது ரொம்பப் பொடி. உன் சுவத்துக்கு ஆகாது."

முகவரி நீளமாக இருந்தால் கட்டங்கள் கூடும் என்று தம்பி விளக்கினார். ஒவ்வோர் எழுத்தும் எட்டுக் கட்டமாக மாறும். கறுப்பு என்றால் ஒன்று, வெள்ளை என்றால் சைபர். குளத்து அலுவலகத்திடம் பேசி முகவரியைச் சுருக்க வைத்தார்கள். மறுபடி அடித்ததும் கட்டங்கள் குறைந்து பெரிதாயின. வரிசைக்கு இருபத்தொன்பது. உள்ளங்கை அகல டைல் சரியாக இருக்கும்.

"அப்ப இது படம் இல்ல, எழுத்து."

"எழுத்துதான். ஆனா அப்படியே எழுதினா ஒரு பக்கம் கறுப்பாக் குமிஞ்சு ஃபோன் குழம்பிரும். அதனால கடைசியா ஒரு கலக்குக் கலக்கும். எட்டு விதமாக் கலக்கிப் பாத்து, எது நல்லாப் பரவியிருக்கோ அதை வச்சுக்கும். எப்படிக் கலக்குனேன்னு இந்த மூலைச் சதுரத்துக்குப் பக்கத்துலயே குறிச்சும் வச்சிரும்."

"உங்க அக்காவும் அப்படித்தான் மாப்ள, கலவையை எட்டு தடவை கலக்குவா," என்றார் கணவர். "குறிச்சுதான் வைக்கிறதில்ல."

தம்பி படத்தைப் பெரிய காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த ரசமட்டம் வரிசைகளுக்கு எண் போட்டார். சுற்றிலும் வீணாகக் கிடந்த வெள்ளைக் காகிதத்தைக் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டு, படத்தைப் பலகையில் ஒட்டினார்.

சுவர் வேலை ஒழுங்காகவே நடந்தது. நூல் கட்டி, நடுவிலிருந்து தொடங்கி, வரிசை வரிசையாக ஏறினார். ஒட்டி முடித்ததும் பின்னால் போய் நின்று பார்த்தார். கட்டங்கள் நேராக இருந்தன. ஆனாலும் ஏதோ குறைந்தது. கட்டம் முடிந்த இடத்தில் சட்டென்று சுவரின் வெளிர் மஞ்சள் பெயின்ட் தொடங்கியது.

"பார்டர் இல்லாத வேலை காலர் இல்லாத சட்டை மாதிரி," என்றார். இதை அவர் எல்லா வேலையிலும் சொல்வார். மிச்சமிருந்த கறுப்பு டைல்களால் நான்கு பக்கமும் ஒரு வரிசை ஓட்டினார். மூலைகளைக் கணவர் சாய்த்து வெட்டிக் கொடுத்தார். பார்க்க அருமையாக இருந்தது என்று சொல்லலாம். கண்ணுக்கு.

இன்ஜினியர் பார்க்க வரும் நாளில் காலையிலேயே இருவரும் போய்ச் சுவரை ஈரப் பஞ்சால் துடைத்தார்கள். கணவர் ஃபோனை உயர்த்திப் பிடித்தார்.

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. கோவிச்சுக்கிட்ட மாதிரி நிக்குது."

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க."

தள்ளி நின்றார். இன்னும் தள்ளி நின்றார். வாகனம் நிறுத்தும் இடம் வரை போய்விட்டார். "இதுக்கு மேல பின்னால போனா நம்ம வீட்டுக்கே போயிருவேன்," என்று அங்கிருந்து கத்தினார்.

ரசமட்டம் தன் ஃபோனில் பார்த்தார். வாட்ச்மேனின் ஃபோனையும் வாங்கிப் பார்த்தார். எதிலும் ஒன்றும் திறக்கவில்லை. தம்பியை அழைத்தபோது தன் குரலே ரசமட்டத்துக்கு அடையாளம் தெரியவில்லை. "உடனே வா. மதியம் அந்தம்மா வந்துருவாங்க. சுவத்த இடிச்சிருவாங்கடா."

தம்பி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் புதிதாக அச்சடித்த படம் இருந்தது. அதை ஃபோனில் காட்டியதும் உடனே திறந்தது. ஆக, தப்பு சுவரில்தான்.

ஒப்பிடத் தொடங்கினார்கள். கணவர் காகிதத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பது போல வாசித்தார். "கறுப்பு, வெள்ளை, வெள்ளை, கறுப்பு." ரசமட்டம் முக்காலியில் ஏறி ஒவ்வொரு டைலையும் தொட்டுக்கொண்டே வந்தார். நடு வரிசை ஒன்றில் அவருடைய விரல் நின்றுவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

"கறுப்பு, அப்புறம் வெள்ளை."

"இங்க வெள்ளை, அப்புறம் கறுப்பு."

இரண்டு டைல்கள் இடம் மாறியிருந்தன. ரசமட்டம் முக்காலியிலிருந்து இறங்கி, பையிலிருந்து உளியை எடுத்தார். ஒட்டிய டைலை உடைக்கக் கை போகவில்லை என்றாலும், காரணம் கிடைத்துவிட்டதே என்ற பிடிமானம் இருந்தது.

"அக்கா, உளியைக் கீழ வை. இது அதனால இல்ல."

"கண்ணு முன்னால தப்பு தெரியுது, அதனால இல்லங்கிறே?"

"ரெண்டு கட்டம் இல்ல, கால்வாசி அழிஞ்சாலும் அது படிச்சிரும். முகவரியை மட்டுமா எழுதியிருக்கு? அதை வச்சுப் போட்ட கணக்கையும் கூடவே எழுதியிருக்கு. எங்கயாவது தப்பானா, கணக்கு இடிக்கும். இடிக்கிறதை வச்சே சரியான எழுத்து எதுன்னு கண்டுபிடிச்சுக்கும். நான்தான் அந்தத் திருத்துற அளவை இருக்கிறதுலயே அதிகமா வச்சேன். டைல் வேலைதானே, எங்கயாவது உடையும்னு."

"என் வேலை உடையும்னு நெனச்சியா?"

"மாமா வெட்டுறது உடையும்னு நெனச்சேன்."

"என்னை ஏன் மாப்ள இழுக்கிறே?" என்றார் கணவர், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மீதி வரிசைகளையும் பார்த்து முடித்தார்கள். வேறு தப்பு இல்லை. இப்போது நிலைமை முன்பைவிட மோசம். தப்பு இருந்தால் திருத்தலாம். எல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யாத ஒன்றை என்ன செய்வது? ரசமட்டம் சுவரைப் பார்த்தபடி நின்றார். அடுத்த வாரத்திலிருந்து மறுபடி காண்ட்ராக்டர் வீட்டு வாசலில் காத்து நிற்க வேண்டும். இதைவிட, இந்தச் சுவரை உடைக்கும் சத்தம் தன் காதில் விழும் என்பதுதான் அவரை வதைத்தது.

"அப்ப அது எங்கதான் தடுக்குது?" என்றார் மெதுவாக.

"ஃபோன் முதல்ல தேடுறது மூணு மூலைச் சதுரத்தை. அது கிடைக்கலைன்னா மத்ததைப் படிக்கவே ஆரம்பிக்காது. கணக்கும் அங்க உதவாது." தம்பி சுவரருகே போய், மேல் மூலைச் சதுரத்தின் நடுவில் விரலை வைத்து வெளிப்பக்கமாக நகர்த்தினார். "குறுக்க எப்படிக் கோடு போட்டாலும் ஒரே அளவுதான் வரும். நடுவுல மூணு கறுப்பு. ரெண்டு பக்கமும் ஒரு வெள்ளை. அதுக்கு வெளிய ஒரு கறுப்பு. இந்தா, ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு..."

விரல் அடுத்த டைலுக்குப் போனது. அதுவும் கறுப்பு. தம்பி விரலை எடுக்கவில்லை.

"அக்கா, இது என்ன வரிசை?"

"பார்டர்."

"நான் குடுத்த படத்துல பார்டர் இல்லையே."

"இல்லைன்னுதானே நான் போட்டேன்."

"சுத்தி வெள்ளையா இடம் விட்டிருந்தேனே?"

"வேஸ்ட் காகிதம்னு வெட்டிட்டேன்."

"ஒண்ணா இருக்க வேண்டிய வெளிக் கறுப்பு ரெண்டாயிருச்சு, அதான் ஃபோனுக்குச் சதுரமே தெரியல," என்றார் தம்பி. எழுத்தைச் சுற்றி விடும் வெற்றிடமும் எழுத்தோடு சேர்ந்ததுதான் என்பது அச்சகத்துக்காரருக்குக் கையோடு வந்த பழக்கம். சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. ரசமட்டத்தின் கைக்கோ அதே வெற்றிடம் முடிக்காத வேலையாகத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்த ஒன்றை அடுத்தவருக்குச் சொல்ல மறப்பது, தெரியாததைச் சொல்வதைப் போலவே கெடுதல் செய்யக்கூடியது. அதற்காக இருவரில் யாரைக் குற்றம் சொல்வது என்பது அவ்வளவு எளிதில் தீர்வதில்லை.

ரசமட்டம் அதற்கெல்லாம் நிற்கவில்லை. டைல் இடுக்கை அடைக்கும் வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் குழைத்தார். கரண்டியால் அள்ளி, கறுப்பு பார்டரின் மேல் அப்பத் தொடங்கினார். தான் போட்ட அழகான ஓரத்தை, சாய்த்து வெட்டிய மூலைகளோடு சேர்த்து, நான்கு பக்கமும் பூசி மறைத்தார். அவருடைய வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமாகப் பூசியது அதுவே முதல் முறை.

"இப்பப் பாருங்க."

கணவர் ஃபோனை உயர்த்தி முடிப்பதற்குள் அது 'டிங்' என்றது. திரையை மனைவியிடம் திருப்பிக் காட்டினார். 'குளம் விரைவில் திறக்கப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

"நம்மகிட்ட மன்னிப்புக் கேக்குது பாரு," என்றார் கணவர்.

ரசமட்டம் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்தபோது கையிலிருந்த வெள்ளைப் பூச்சு கன்னத்தில் அப்பிக்கொண்டது. "இன்னொரு தடவை," என்றார். மறுபடி காட்டினார்கள். "வாட்ச்மேன் ஃபோன்ல?" அதிலும் திறந்தது. "சாய்ச்சு வச்சுப் பாருங்க." சாய்த்தும் திறந்தது. தம்பி குறும்பாக நடுக்கட்டங்கள் சிலவற்றை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நின்றார். அப்போதும் திறந்தது.

"கைய எடுடா, சுவத்துல அழுக்கு ஒட்டும்," என்றார் ரசமட்டம். அந்தக் குரலைக் கேட்டதும்தான் தம்பிக்கு மூச்சு வந்தது.

இன்ஜினியர் வந்தபோது ஓரமெல்லாம் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. அவர் சுவரைப் பார்த்தார், பிறகு ரசமட்டத்தின் கன்னத்தைப் பார்த்தார்.

"பார்டர் என் தப்பு மேடம்," என்று ரசமட்டம் முந்திக்கொண்டார். "கறுப்பு வச்சிட்டேன், அதனால படிக்கல. அதை எடுத்துட்டு வெள்ளை ஒட்டணும். நடுவுல ரெண்டு டைலும் மாறிப் போச்சு. அப்படியும் அது படிக்கும்னு என் தம்பி சொல்றான், நான் நம்பல."

இன்ஜினியர் தன் ஃபோனை நீட்டினார். திறந்தது. சுவரை விட்டுச் சற்று நகர்ந்து, கட்டடத்துக்குள் நுழையும் ஆள் போல நடந்து வந்து மறுபடி நீட்டினார். அப்போதும் திறந்தது.

"சுவரை இடிக்கணுமா?"

"இல்ல மேடம். ஓரம் மட்டும்தான்."

"அப்ப ஓரத்தைச் சாயந்திரத்துக்குள்ள மாத்துங்க. உள்ள அளவெடுக்க எப்ப வரீங்க?"

ரசமட்டம் கன்னத்துப் பூச்சைத் துடைத்தார். கணவர்தான், "நாளைக்குக் காலையில மேடம்," என்றார். பாதிக் காதுக்கு அந்தக் கேள்வி எப்படி அவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று தம்பி பிறகு நெடுநாள் கேலி செய்துகொண்டிருந்தார்.

இன்ஜினியரின் கார் வெளியே போனதும் மூவருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது. காலியான குளத்தின் படிகளில் உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தார்கள். தம்பி கொண்டுவரவில்லை. ஆகவே அக்காவின் டப்பாவிலும் மாமாவின் டப்பாவிலும் கை வைத்தார்.

"அந்த ரெண்டு டைலையும் மாத்திரட்டுமா?" என்றார் ரசமட்டம், வாயில் சோற்றோடு.

"வேணாம்க்கா. அதுவே திருத்திக்கும்."

"நான் சுவத்துக்குச் சொல்லல. எனக்குத் தூக்கம் வரணும்ல?"

"அப்ப மாத்திக்கோ," என்று தம்பி இன்னொரு கவளம் எடுத்தார். "ஆனா சுத்தி எதுவும் போட்டுறாதே, தாயே."

ரசமட்டம் சிரித்தார். புரையேறியது. கணவர் தலையில் தட்டித் தண்ணீரை நீட்டினார். ஆழமான வெறுங்குளத்தில் இருமலும் சிரிப்பும் சுற்றிச் சுற்றி எதிரொலித்தன.