கரி வைத்த படம்

மலாயாவில், குளுவாங்கில் இருந்த இருபத்தெட்டு யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்கள் எந்தப் படத்தைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதை ஐந்தாறு வருஷம் ஓர் உருத்திராட்ச மாலை தீர்மானித்தது. சொன்னால் இன்றைக்குச் சிரிப்பார்கள். அந்த இருபத்தெட்டில் எங்கள் வீடும் ஒன்று. எனக்கு அன்றைக்கே சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டேன். அடக்கியிருக்கக் கூடாது.

மாலைக்குச் சொந்தக்காரர் சிற்றம்பலத்தார். ரயில்வே ஸ்டேஷனில் சரக்குக் கணக்கெழுதும் கிராணி. கரவெட்டியில் பிறந்து, 1913இல் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, சிகாமட்டில் சில வருஷம் இருந்துவிட்டுக் குளுவாங்குக்கு வந்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிர்வீடு. மெலிந்த உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் அந்த மாலை. ரப்பர்ப் பெட்டிகளை நிறுக்கும்போது தராசு முள் அசையாமல் நிற்கும்வரை வேறு பக்கம் பார்க்கமாட்டார். ஒருமுறை லீவில் ஊருக்குப் போகும்போது தன் சொந்த ட்ரங்குப் பெட்டியைத் தானே நிறுத்து, பாரம் கூட என்று தானே சொல்லி, இரண்டு சேலைகளை எடுத்து மனைவி கையில் கொடுத்தார். அவ்வளவு நேர்மை. அந்த நேர்மையோடு குடித்தனம் நடத்தியவள் இராசம்மாக்கா.

கூடாரம் அடித்துப் படம் காட்டுபவர்கள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்த காலம் அது. மலாய்க்காரர்கள் அதை வயாங் என்பார்கள். 1931இல் சாமிப்படம் என்று நம்பி எல்லாரும் குடும்பத்தோடு போனோம். பாதிப் படத்தில் ஒருத்தி அரைகுறை உடுப்போடு ஆட ஆரம்பித்தாள். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அடுத்த வாரமே சைவ சங்கம் கூடியது. இனி எந்தப் படம் வந்தாலும் ஒருவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டும், அவர் சரி என்றால்தான் குடும்பங்கள் போகலாம் என்று முடிவானது. அந்தத் தியாகத்துக்கு எட்டுப் பேர் முண்டியடித்தார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. விருப்பமில்லை என்று சொன்ன ஒரே ஆள் சிற்றம்பலத்தார். அதனால் வேலை அவருக்கே போனது.

அவர் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். திரையில் ஆகாத காட்சி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். மாலையில் ஒரு மணியைத் தள்ளுவார். ஐந்தெழுத்தை நூற்றெட்டுத் தடவை மனதுக்குள் சொல்லி முடித்த பிறகுதான் கண்ணைத் திறப்பார். படம் முடிந்ததும் தள்ளிய மணிகளை எண்ணுவார். ஐந்துக்குள் இருந்தால் கோயில் பலகையில் ஒட்டிய நோட்டீசில் திருநீறு பூசுவார், எல்லாரும் போகலாம். பத்துவரை குங்குமம், கலியாணமானவர்கள் மட்டும், புருஷன் பெண்சாதியாகப் போகலாம். பத்தைத் தாண்டினால் கரி. கரி வைத்த படத்தின் கூடாரம் இருக்கும் தெருவில்கூட எங்கள் பெண்கள் நடக்கமாட்டார்கள்.

அந்த வருஷங்களில் திருநீறு கிடைத்தவை நாலோ ஐந்தோ. எல்லாவற்றிலும் முனிவர்கள் தவம் செய்தார்கள். நாங்கள் போய் உட்கார்ந்து கொட்டாவி விட்டோம். இராசம்மாக்கா என் தோளில் சாய்ந்து தூங்கியே விடுவாள்.

பிள்ளைகள் இல்லை அவளுக்கு. நல்லூரில் பிறந்தவள், பதினாறு வயதில் தாலி கட்டி இங்கே வந்தவள். எதைப் பேசினாலும் நல்லூர்த் தேரில் போய் முடியும். சண்முகர் பச்சை சாத்தி வருவதை அவள் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். இன்னும் ஒரு தடவையாவது தேருக்குப் போக வேண்டும் என்பாள். கணவருக்கு லீவு கிடைக்கிற மாதமெல்லாம் தேர் முடிந்த மாதமாக இருந்தது.

1935இல் அவளுக்குக் கண் மங்கத் தொடங்கியது. "ஓரத்தில இருந்து இருட்டு உள்ளுக்கு வருது பிள்ளை" என்று என்னிடம் சொன்னாள். ஜொகூர் பாருவுக்குக் கூட்டிப்போனார்கள். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லை, இன்னும் ஆறேழு மாதம் பார்வை இருக்கும் என்றார். ரயிலில் திரும்பி வரும்போது அவள் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லையாம். ரப்பர் மரம், ரப்பர் மரம், பிறகும் ரப்பர் மரம். அதையும் பார்த்துக்கொண்டே வந்தாளாம்.

அந்த நேரத்தில்தான் அந்த நோட்டீஸ் வந்தது. முருகனடியார் ஒருவரைப் பற்றிய பேசும்படம். பெயரை நான் மறந்துவிட்டேன். நினைவில் வைத்துக்கொள்ளவும் விருப்பமில்லை. 'உண்மையான தேர்த் திருவிழாக் காட்சிகள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. இராசம்மாக்கா நோட்டீசைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

"நல்லூர் இல்லைத்தான். எண்டாலும் தேர் தேர்தானே, பிள்ளை? ஒருக்கால் பாத்திட்டன் எண்டால் பிறகு கண் போனாலும் போகட்டும்."

கூடாரம் மூன்று நாள்தான் நிற்கும். முதல் நாள் மாலைக் காட்சிக்குச் சிற்றம்பலத்தார் குடையோடு போனார். நானும் இராசம்மாக்காவும் வாசலில் காத்திருந்தோம். கொட்டுகொட்டென்று கொட்டிய மழை அவர் திரும்பி வந்தபோதும் விடவில்லை. செருப்பைக் கழற்றி, காலைக் கழுவி, துவாயால் துடைத்தார். அதற்குமேல் இராசம்மாக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, எத்தினை?"

"பதினொண்டு."

அவர் தொடர்ந்து, "ஒன்பதிலயே நிண்டிருக்கும் எண்டு பாத்தன். கடைசியில ரெண்டு வந்திட்டுது. நீர் கவலைப்படாதேயும். தேர் எண்டு ஒண்டும் வரேல்லை. நோட்டீசில பொய் போட்டிருக்கிறாங்கள்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஒரு மணி! ஒரே ஒரு மணியைப் பின்னால் தள்ளிவிட்டால் குங்குமம். கண் போகப் போகிற பெண்சாதிக்காக அதைச் செய்திருந்தால் எந்தச் சாமி கோபிக்கப் போகிறது? மறுநாள் காலை கோயில் பலகையில் கரி இருந்தது. நான் ஓடிப்போய், "அக்கா, வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன். ஆருக்கும் தெரியாது" என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. அவர் கரி வைச்ச படத்துக்கு நான் போனால், அவரின்ரை முகத்திலயல்லோ கரி. தேரும் இல்லையாம். பிறகென்ன?" என்றாள்.

மூன்றாம் நாள் கூடாரத்தைப் பிரித்துக் காஹாங் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கோத்தா திங்கிக்குப் போனதாகக் கேள்வி.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பால் கொண்டுவருகிற அங்கம்மா அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். அவள் இருந்த ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். படத்தில் என்ன வந்தது என்று அவளை நாங்கள் யாரும் கேட்கவில்லை. தோட்டத்து ஆட்களிடம் படக்கதை கேட்பது எங்களுக்குக் கௌரவக் குறைச்சல். அவள் தினமும் என் வாசலில் நின்று பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போனாள். நானும் சொம்பை நீட்டிவிட்டு உள்ளே போனேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, வேறு படப்பெட்டிகளை ரயிலில் அனுப்ப அந்தக் கூடாரத்துக் காளியப்பன் சரக்குக் கொட்டகைக்கு வந்தான். படக்கருவியை ஓட்டுகிறவன் அவன்தான். பெட்டிகளை நிறுத்துக்கொண்டிருந்த சிற்றம்பலத்தாரிடம் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"ஏங்கய்யா, அந்த முருகன் படத்துக்கு ஏன் கரி வச்சீங்க? தேர் வந்தப்ப கூடாரமே எந்திரிச்சு நின்னு கும்புட்டுச்சு. நீங்க மட்டும் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. பக்தியில உருகிட்டாருன்னுல்ல நெனச்சேன்!"

"தேரா? தேர் வரேல்லையே?"

"வராமயா? பொம்பளைங்க கொளத்துல முழுகிட்டு ஈரச்சீலையோட எந்திரிச்சு வருவாங்கள்ல, தேருக்குப் பின்னாடி விழுந்து விழுந்து கும்புட? அதுக்கு அடுத்தாப்புல தேருதானேங்கய்யா!"

நடந்தது இதுதான். ஈரச் சேலையோடு பெண்கள் குளத்திலிருந்து ஏறுவதைக் கண்டதும் சிற்றம்பலத்தார் கண்ணை மூடிப் பதினோராவது மணியைத் தள்ளியிருக்கிறார். கூடாரத் துணியில் மழை அடித்த அடியில் மேளமும் கேட்கவில்லை, அரோகராவும் கேட்கவில்லை. அவர் நூற்றெட்டுத் தடவை சிவனைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் சிவன் மகனின் தேர் வீதியைச் சுற்றிவிட்டு இருப்புக்கு, தன் நிலைக்கு, வந்துவிட்டது.

அன்றைக்குக் கணக்கெழுதும் புத்தகத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார். நான் அங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இராசம்மாக்காவுக்கு அப்போது வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும்தான் தெரியும். நான் இருப்பதையும் பார்க்காமல் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "பதினாலு வயசில அம்மா வருத்தம் கடுமையாகிப் படுக்கையில கிடந்த நேரம் நானும் நேர்த்தி வைச்சு அடியழிச்சனான். கேணியில முழுகிப்போட்டு, ஈரச்சீலையோட, தேருக்குப் பின்னால வீதி முழுக்க விழுந்து கும்பிட்டுக்கொண்டு போனனான். நீங்கள் அண்டைக்கு அந்த வீதியில நிண்டிருந்தாலும் கண்ணை மூடியிருப்பியள், என்ன?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். மறுவாரம் அவர் சங்கத்தில் போய் இந்த வேலை இனி எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எட்டுப் பேரும் மறுபடி முன்வந்தார்கள். ஆனால் அதற்குள் இளசுகள் அவரவர் இஷ்டத்துக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். பலகையில் பிறகு ஒரு குறியும் ஏறவில்லை.

அதன்பிறகு சரக்குக் கொட்டகைக்கு யார் படப்பெட்டி கொண்டுவந்தாலும் அந்த முருகன் படம் எங்கே ஓடுகிறது என்று விசாரிப்பார். கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். பதில் வராவிட்டால் மறுபடி எழுதினார். 1937இல் அது திரும்பி வந்தது. லீவு போட்டுவிட்டுப் பகல் காட்சிக்கு அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனார். நானும் போனேன். வாசலில் காளியப்பன், "பழைய பிரிண்டுங்கய்யா, அங்கங்க அறுந்து கெடக்கு" என்றான். அவர் காதில் அது விழவில்லை.

பெண்கள் பக்கத்தைப் பிரிக்கிற கயிற்றைக் கட்டச் சொல்லிச் சங்கத்தில் சண்டை பிடித்தவரே இவர்தான். அன்றைக்கு அந்தக் கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து பெண்கள் நடுவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு அவள் கண்களைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார்கள். மறுபக்கத்தில் நான். படம் தொடங்கியதும் அவர் அவள் காதில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மாலையில் கை போகவில்லை. அரண்மனையில் ஒருத்தி ஆட வந்தாள்.

"இப்ப... ஆறு ஓடுது" என்றார்.

"ஆத்துக்கு ஆர் சலங்கை கட்டிவிட்டது?" என்றாள் அவள்.

பின்வரிசைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு குளம் வந்தது. பெண்கள் முழுகி எழுந்தார்கள். அவர் கண்ணை மூடவில்லை. "முழுகிப்போட்டு வருகினம். தேர் வரப்போகுது" என்று அவள் கையைப் பிடித்தார். திரையில் ஒரு வெட்டு வெட்டியது. குளம் போய் அரச சபை வந்தது. ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து மந்திரியைத் திட்டிக்கொண்டிருந்தார். தேர் இல்லை. அந்த இடம் அறுந்து எங்கோ போய்விட்டிருந்தது.

சிற்றம்பலத்தார் திரையையே பார்த்தார். ஒரு மணியைக்கூடக் குறைத்துச் சொல்லத் தெரியாத அந்த மனுஷன், பிறகு மெல்லச் சொன்னார்:

"தேர் வெளிக்கிட்டுது. வடம் பிடிக்கினம். சண்முகர் பச்சை சாத்தி வாறார்."

இராசம்மாக்கா இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினாள்.

"பின்னால அடியழிக்கினமோ?"

"ஓம்."

"ஈரச்சீலையோடயோ?"

"ஓம், இராசம்மா."

"கண்ணை மூடிப்போடாதேங்கோ."

"இல்லை. பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார். கண்ணீர் வழிந்து மாலையில் விழுந்துகொண்டிருந்தது. தேர் இருப்புக்கு வரும்வரை சொல்லி முடித்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே தீர்ந்துபோனது.

அடுத்த வருஷம் மாசியில், சரக்குக் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், அவள் தனியாக இருக்கிறாளே என்று அவளோடு உட்கார்ந்திருந்தேன். மாலை அவள் மடியில் இருந்தது. "எப்படியோ உங்களுக்குத் தேரைக் காட்டிப்போட்டார், அக்கா" என்றேன்.

"ஓம் பிள்ளை, காட்டினார்" என்றாள். விரலால் மணிகளைத் தள்ளியபடியே சொன்னாள்: "அந்த ராசாவுக்கு என்ன குரல்! தேர் சுத்தி வாற நேரம் முழுக்க மந்திரியை ஏசிக்கொண்டே இருந்தார். எனக்குக் கேட்டது எண்டு அவருக்குத் தெரிஞ்சிடுமோ எண்டுதான் பயந்து கொண்டிருந்தனான்."