எண்ணுக்கு மட்டும் திறந்த கணினிகள்

மருத்துவமனையில் அவளுக்குக் கம்ப்யூட்டர் அக்கா என்று பெயர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள். பதிவு கவுண்டரில் உட்காரும் நாத்தனார்தான் சிபாரிசு செய்து அவளை உள்ளே கொண்டுவந்தது. அதை நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாவிட்டால் நாத்தனாருக்குச் சோறு இறங்காது.

கவுண்டர் கணினிகளுக்கெல்லாம் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடும் வேலை வந்தது. நோயாளிகள் நான்கு மொழிக்காரர்கள். திரையைத் திருப்பிக் காட்டினால் அவரவர் மொழியில் படிக்கவேண்டும்.

"இது சரியா வந்தா உங்கள நிரந்தரம் பண்ண எழுதறேன். சொதப்பினா வெளியாளத்தான் கூப்பிடணும்," என்றார் மேலாளர்.

ஒவ்வொன்றாக உட்கார்ந்து போட்டால் மாளாது. கணினி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதிலை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி, நான்கு மொழிகளையும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை நெட்வொர்க் வழியாக ஒரே மூச்சில் அனுப்பினாள். ஆளில்லாத கூடத்தில் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் விழித்தன. ஒவ்வொன்றிலும் தன் பாஸ்வேர்டை அடித்து உள்ளே போய், நான்கு மொழியும் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கிளம்பினாள்.

திங்கள் காலை ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. வரிசை வாசலைத் தாண்டியது.

"வீட்ல நீங்கதான் வாயத் திறக்க மாட்டீங்கன்னா, உங்க மெஷினும் அப்படியே இருக்கே அண்ணி," என்றாள் நாத்தனார்.

அவள் குனிந்து தன் பாஸ்வேர்டை அடித்தாள். திறந்தது. நாத்தனாரை அடிக்கச் சொன்னாள். திறக்கவில்லை.

"பாத்தீங்களா, ஆள் பாத்துத் திறக்குது."

மேலாளர் கையில் போனோடு வந்து நின்றார். "கொஞ்ச நேரம் பாப்பேன். அப்புறம் கூப்பிட்டுடுவேன்."

பாஸ்வேர்டு கட்டத்தில் எதை அடித்தாலும் புள்ளிதான் தெரியும். அவள் யோசித்தாள். "உன் பாஸ்வேர்ட மேல, ஊழியர் எண் போடற கட்டத்துல அடி."

"எல்லார் முன்னாடியுமா? வேணாம் அண்ணி."

"அடிம்மா," என்றார் மேலாளர்.

நாத்தனார் குளிர்ந்த தண்ணீரில் கால் வைப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். திரையில் வந்தது அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. கடைசியாகச் சேர்த்த மொழி, நுழைவுத் திரையின் விசைப்பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது; ஆங்கில எழுத்தை அடித்தாலும் அந்த மொழி எழுத்தாகத்தான் விழுந்தது. கம்ப்யூட்டர் அக்காவின் பாஸ்வேர்டோ முழுக்க எண்கள். நாளெல்லாம் அடிக்கச் சுலபம் என்று வைத்துக்கொண்டது. ஊழியர் எண்ணும் எண்தான். எந்த மொழியிலும் எண் மாறவில்லை. அதனால்தான் நேற்று எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது.

தன் இடத்துக்கு ஓடினாள். நுழைவுத் திரைக்கு எந்த விசைப்பலகை என்று கோப்பில் அவள் சொல்லவே இல்லை. அதைச் சொல்லி, எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பி, அணைத்து எழுப்பினாள். நாத்தனார் அடித்தாள். திறந்தது. வரிசை நகர்ந்தது.

மேலாளர் போனைச் சட்டைப்பையில் போட்டார். "மேல் மாடிக்கும் நீங்களே போடுங்க. அது முடியட்டும், எழுதறேன். ஆனா இனிமே நீங்க மட்டும் சோதிக்காதீங்க."

"அப்படி என்னதான் வச்சிருக்க பாஸ்வேர்டுல?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

"கேக்காதீங்க. உங்களப் பத்திதான். நல்லவேளை, வேற எழுத்துல வந்துச்சு."

அடுத்த ஞாயிறு மேல் மாடிக் கணினிகள் விழித்ததும், அவள் நாத்தனாருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வா, ஒவ்வொண்ணுலயும் என்னைத் திட்டிட்டு வா."