பெரியவர்கள் இல்லாத ஊர்

அன்று எங்கள் காம்பராவில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் வீட்டுக்காரர், எங்கள் ஒரே மகள், பக்கத்துக் காம்பரா அக்கா, அந்த அக்காவின் மகள். நடுவில் ஒரு பிஸ்கட் டின். பரணில் விறகுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததை நான்தான் இறக்கி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன். சாத்தி என்ன பயன்? ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கிற சுவர் கூரைவரை போகாது. இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

எனக்குப் பயம் கூடவே பிறந்தது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வரக் கொஞ்சம் பிந்தினாலும் பஸ் கவிழ்ந்துவிட்டது என்றே நினைப்பேன். இரண்டு அரசாங்கமும் எங்களைப் பங்கு பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருந்த அந்த மாதங்களில் பயப்படக் காரணமும் இருந்தது. யாரை இந்த நாட்டில் வைத்துக்கொள்வார்கள், யாரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புவார்கள் என்று தேயிலைத் தோட்டம் முழுக்க அதே பேச்சு. நானும் என் வீட்டுக்காரரும் அங்கே பிறந்து, கைக்குழந்தைகளாக இங்கே வந்து சேர்ந்தவர்கள். மகள் இந்த லயத்தில் பிறந்தவள்.

அந்தச் சமயத்தில்தான் அரிசி குறையத் தொடங்கியது. தோட்டத்தில் வாரா வாரம் போடுகிற அரிசியைத் தகரத்தில் கொட்டி, மேலே விரலால் ஒரு கோடு கிழித்து மூடிவைப்பது என் வழக்கம். யாராவது கை வைத்தால் கோடு கலைந்துவிடும். கலைந்திருந்தது. எலி என்றார் வீட்டுக்காரர். எலி அரிசி தின்னும், சரி; நெருப்புப்பெட்டியை என்ன செய்யும்? உப்பை, என் பழைய சேலையின் பாதியை என்ன செய்யும்? முதலில் பக்கத்துக் காம்பரா அக்கா மேல்தான் சந்தேகம் விழுந்தது. சுவருக்கு மேலால் கை எட்டுமா என்று பெட்டிமீது ஏறிப் பார்த்தேன். எட்டியது. ஆனால் அக்கா குள்ளம். அதற்குப் பிறகு மகளைக் கவனிக்கத் தொடங்கினேன்.

அவள் தலையணைக்கு அடியில் ஒரு கதைப் புத்தகம் இருந்தது. பூண்டுலோயாக் கடைவீதியில் கொப்பி, பென்சில் விற்கிற ஒருவர் புத்தகங்களை நாள் வாடகைக்கு விடுவார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடனுக்கும் கொடுப்பார். வாத்தியார் பறித்துவிடுவார் என்று அதை அவள் பள்ளிக்கு எடுத்துப் போவதில்லை. மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வரும்போது நான் அதை எடுப்பேன். உள்ளே கடிதம் கிடிதம் இருக்கிறதா என்று உதறிப் பார்த்தேன். எதுவும் விழவில்லை. சரி, கதையிலாவது ஏதாவது இருக்கும் என்று படிக்க உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்போடு கொழுந்துக் கூடை மாட்டியவள் நான். எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துத்தான் படிப்பேன்.

வானத்திலிருந்து ஏதோ விழுந்து உலகமே வெந்துபோகிறது. பெரியவர்கள் ஒருவர்கூட மிச்சமில்லை. குகைக்குள் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் பிழைக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண்பிள்ளை முன்கூட்டியே தானியம், உப்பு, நெருப்புப்பெட்டி எல்லாம் பதுக்கி வைத்திருக்கிறாள். பிள்ளைகளுக்கென்று இப்படியொரு கதையை யார் எழுதுவார்கள், எதற்காக? அம்மாக்களையெல்லாம் முதல் அத்தியாயத்திலேயே தீர்த்துவிட்டு, பிறகு அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இதைப் படித்துத்தான் இவள் எங்கேயோ கிளம்பப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன். பரணைத் தேடினேன், டின் கிடைத்தது; உள்ளே இருந்தது இரண்டு பேருக்கு என்று பார்த்ததும் பக்கத்துக் காம்பராவையும் கூப்பிட்டேன்.

“எங்கடி போகப் போறீங்க ரெண்டு பேரும்?” என்று கேட்டேன்.

“பீலிக்குத் தண்ணி எடுக்கப் போறதுக்கே எம் மகள நாலு தடவ கூப்புடணும். அவளா ஓடப் போறா?” என்று அக்கா சிரித்தாள். நான் மூடியைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. “அட, இது எங்க வீட்டுக் கருவாடுல்ல!”

“கருவாடு வேற இருக்கா? அப்ப தூரப் பயணந்தான்” என்றார் வீட்டுக்காரர்.

“நீங்க சும்மா இருங்க, ஒங்களுக்கு எல்லாம் வெளையாட்டு.” மகள் பக்கம் திரும்பினேன். “அந்தப் புத்தகத்த நானும் படிக்கிறேன்டி. ரெண்டு கோப்பை, ரெண்டு கரண்டி வச்சிருக்கியே, எங்களுக்கு எங்கடி?”

“நீங்கதான் இருக்க மாட்டீங்களே.”

“ஏன், செத்தா போயிருவோம்?”

“கப்பல்ல போயிருவீங்க” என்றாள். “நீங்களும் இந்தப் பெரியம்மாவும் அடுப்படியில இருந்துக்கிட்டுச் சுவருக்கு மேலால பேசுனீங்கல்ல? அங்க பொறந்தவங்கள அங்க அனுப்பிருவாங்க, இங்க பொறந்தவங்கள விட்டுருவாங்கன்னு. நாங்க ரெண்டு பேரும் இங்கதானே பொறந்தோம்? அப்பறம் லயத்துல பிள்ளைங்க மட்டுந்தானே இருப்போம்?”

அவள் ஓடிப்போகத் தயாராகவில்லை. நாங்கள் போன பிறகு இருக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

அக்கா தன் மகளை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். “அடி கூறுகெட்டவளே, ஒன்ன விட்டுட்டு நான் கப்பல் ஏறுவனா?”

“ஒங்களக் கேட்டா ஏத்துவாங்க?” என்றது அந்தப் பிள்ளை.

எதற்கும் சிரிக்கிற என் வீட்டுக்காரர் டின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்ல நினைத்தேன். தெரியாத ஒன்றைச் சத்தியம் பண்ண வாய் வரவில்லை. எழுந்துபோய் எங்கள் கோப்பைகள் இரண்டையும் எடுத்துவந்து டின்னுக்குள் வைத்தேன். மூடி மூடவில்லை.

“பெரிய டின்னாப் பாக்கணும்” என்றார் அவர்.

பின்னாளில் யாரை அனுப்புவது என்று முடிவானபோதும் நாங்கள் மூவரும் பிரியவில்லை. ஆனாலும் அந்த டின்னை எறிய எனக்கு மனம் வரவில்லை.

புத்தகத்தை நான் திருப்பிக் கொடுக்க விடவில்லை. முடிவு தெரிய வேண்டும். கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் மலையுச்சியில் நெருப்பு மூட்டுகிறார்கள். எதிர் மலையில் இன்னொரு நெருப்புத் தெரிகிறது. மூட்டியது யார் என்று எழுதவில்லை. வேறு பிள்ளைகள் என்பாள் மகள். ஒரு அம்மாவாகத்தான் இருக்கும் என்பேன் நான். எழுதினவர் வேண்டுமென்றே மறைத்துவிட்டார் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஒருவழியாகப் படித்து முடித்து, வாடகைக் காசோடு பூண்டுலோயாவுக்குப் போனேன். கடை பூட்டிக் கிடந்தது. கடைக்காரரும் மனைவியும் கப்பலேறிவிட்டார்கள், மூத்த மகன் மட்டும் இங்கே நின்றுவிட்டான் என்றார்கள் பக்கத்துக் கடையில். அவனைத் தேடினேன், எங்கே இருக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. கொடுக்க வேண்டிய பாக்கி, இரண்டு ரூபாய் நாற்பது சதம்.