முன்கூடத்துக் கம்ப்யூட்டர்

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, கிராமத்துச் சேவை மையங்களில் ஆட்களைப் பழக்குவது. நகரத்து ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, ஆனேக்கல் தாண்டி ஓர் ஊருக்குப் போவேன். சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் இனி ஊரிலேயே கிடைக்கும், ஏழை ஜனங்கள் தாலுகா ஆபீஸுக்கு அலைய வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். நான் அதை முழுசாக நம்பினேன்.

மையம் பஞ்சாயத்து மெம்பர் வீட்டு முன்கூடத்தில் இருந்தது. அவருடைய மருமகள்தான் ஆபரேட்டர். என் வயதுதான், ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வாள். மதியம் மெம்பரின் மனைவி என்னைச் சமையலறைக்கே கூப்பிட்டு, ராகிக் களியும் கீரைச் சாறும் தட்டில் போடுவார். “கூச்சப்படாதேம்மா, உன் வீடு மாதிரி நினைச்சுக்கோ” என்பார் கன்னடத்தில். எனக்குக் கன்னடமும் தமிழும் ஒன்றுதான்.

ஊர்க்காரர்கள் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவார்கள். காலனிக்காரர்கள் மட்டும் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நிற்பார்கள். மருமகள் கம்பி வழியாகக் காகிதத்தை வாங்குவாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் பிறந்தவள் இல்லை நான்.

ஒரு நாள், மகளின் ஸ்காலர்ஷிப்புக்குச் சாதிச் சான்று கேட்டு ஒரு அக்கா ஜன்னலுக்கு வந்தார். என்னையே உற்றுப் பார்த்தார்.

“ஏம்மா, நீ ஒக்கலிபுரம்தானே? உங்க பின் லைன்லதான் எங்கக்கா வீடு. நம்ம ஜனத்துப் பொண்ணு, கம்ப்யூட்டர்லாம் சொல்லிக் குடுக்குதா!”

சந்தோஷத்தில் அவர் குரல் தெருவுக்கே கேட்டது.

“ஆமாங்க்கா” என்றேன். சொல்லும்போதே காது மடல்கள் சுட்டன. கதவருகே மெம்பரின் மனைவி நின்றிருந்தார். உள்ளே போய்விட்டார்.

அன்று மதியம் சாப்பாடு முன்கூடத்துக்கே வந்தது. வாழை இலையில். “தட்டெல்லாம் கழுவப் போட்டிருக்கு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நான் எழுந்து போயிருக்கலாம். பசித்தது, சாப்பிட்டேன். முடித்ததும் இலையை நானே எடுத்துப் போய்க் கொல்லையில் போட்டேன். திரும்பி வந்தபோது மருமகள் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசிக்காகத்தான் துடைத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் மேனேஜருக்கு போன் செய்து, மையத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

“ஊர் விவகாரம் உங்களுக்கு எதுக்கும்மா? சாஃப்ட்வேரை மட்டும் சொல்லிக் குடுத்துட்டு வாங்க.”

வேலை எனக்கு வேண்டும். அம்மாவிடம், அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவள் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் பஸ் ஸ்டாப் கல்லில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த அக்கா அந்தப் பக்கமாக வந்தார். டப்பாவைப் பார்த்தார், மெம்பர் வீட்டுப் பக்கம் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

“நான்தான் வாய வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கணும். உன் சோத்தைக் கெடுத்துட்டேன் பாரு.”

“அய்யோ, இல்லக்கா. நீங்க என்ன தப்பா சொல்லிட்டீங்க?”

சொன்னேனே தவிர, அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அத்தனை பெருமையாக என்னைக் கூப்பிட்டவர், குற்றம் செய்தவர் மாதிரி என் முன்னால் நின்றார். முந்தின நாள் என் காது சுட்டதே, அந்தக் கூச்சத்தை அவரும் பார்த்திருப்பாரோ என்று நினைத்தபடி டப்பாவை மூடினேன்.

அந்த வாரக் கடைசியில் அவர் மகளின் சான்று வந்தது. மருமகள் ஜன்னலுக்கு எடுத்துப் போவதற்குள் நான் வாங்கிக்கொண்டு வெளியே போய் அவர் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அடுத்த வாரம் கம்பெனி என்னை வேறு ஊருக்கு அனுப்பியது. அங்கேயும் மையம் ஒரு பெரிய வீட்டின் முன்கூடத்தில்தான் இருந்தது.